இறாலைச் சோதிக்கிறோம், குளத்துச் சேற்றை எப்போது சோதிப்போம்?

ஏற்றுமதிக்குப் போகும் வளர்ப்பு இறால் பல சோதனைகளைத் தாண்டித்தான் கப்பல் ஏறுகிறது. அறுவடைக்கு முன்பே பண்ணையில் மாதிரி எடுக்கிறார்கள். குளோராம்பெனிகால் இருக்கிறதா, நைட்ரோபியூரான் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். போய் இறங்கும் நாட்டிலும் சோதனை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு இறாலில் சோதிக்கும் பங்கை 2016ஆம் ஆண்டில் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. ஒரு பெட்டகம் திரும்பி வந்தால் ஏற்றுமதியாளரில் தொடங்கி குளத்துக்காரர் வரை எத்தனை பேருக்கு அடி விழும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சோதனைகள் தேவை. ஆனால் இவை கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: இறாலின் சதையில் மருந்து மிச்சம் இருக்கிறதா? மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துப் பிடித்தால் இறால் தேறிவிடக்கூடும். இறாலை விட்டுப் போன மருந்து எங்கே போனது என்று இந்தச் சோதனைகள் கேட்பதில்லை. அது போய்ச் சேரும் இடம் குளத்தின் அடிச்சேறு. அங்கிருந்து வடிகால், ஓடை, கழிமுகம், கடைசியில் கடலடி வண்டல். இறாலுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது இந்தச் சேற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கவலை மட்டுமல்ல. அடுத்த போகத்தில் குஞ்சு விடப்போகிறவரின் பணமும் இதில்தான் இருக்கிறது.

மருந்து போகும் வழி

குளத்தில் ஆன்டிபயாடிக் போடுகிறவர்கள் பெரும்பாலும் தீவனத்தில் கலந்துதான் போடுகிறார்கள். இறாலின் குடல் சிறியது, தீவனம் அதில் அதிக நேரம் தங்காது. நோய் கண்ட இறால் முதலில் தீவனம் எடுப்பதைத்தான் நிறுத்தும். ஆகவே மருந்துத் தீவனத்தைத் தின்பது பெரும்பாலும் நோயில்லாத இறால்தான். தின்றதிலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் கழிவாக வெளியேறுகிறது. தின்னாத தீவனம் அப்படியே அடியில் அமர்கிறது.

உவர்நீரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீன், இறால் வளர்ப்பில் உலகமெங்கும் அதிகம் புழங்கிய மருந்துகளில் ஒன்று ஆக்ஸிடெட்ராசைக்ளின். கடல்நீரில் நிறைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் நன்னீரில் வேலை செய்யும் அளவுக்கு உவர்நீரில் அது வேலை செய்வதில்லை. களிமண்ணோடும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். நீரின் மேல்பரப்பில் வெயில் பட்டால் சிதைந்துவிடும் இந்த மருந்து, வெளிச்சமும் காற்றும் எட்டாத கருஞ்சேற்றில் வாரக்கணக்கில் சிதையாமல் கிடக்கும். நார்வேயில் சால்மன் மீன் கூண்டுகளுக்கு அடியில் இருந்த கடலடிச் சேற்றை 1980களில் ஆராய்ந்தபோதே இது தெரிந்துவிட்டது.

கொல்லும் அளவுக்கு இல்லாமல், கொஞ்சமாக, நீண்ட நாள் மருந்து தங்கியிருக்கும் இடம்தான் எதிர்ப்புத்திறன் வளர்வதற்கு ஏற்ற இடம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமிக்குப் பழக்கம் கொடுத்துவிடும் என்று எச்சரித்தார். பூச்சிக்கொல்லியைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்ப அடித்தால் தத்துப்பூச்சி மிஞ்சிவிடுவதை வயலில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சேற்றில் வாழும் கூட்டம்

கரையோரக் கடலடியில் ஒரு கிராம் சேற்றை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். எண்ணிக்கையைவிட வகைகள்தான் முக்கியம். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். மற்றொன்று அதைக் காற்றில் கலக்கும் நைட்ரஜனாக மாற்றும். காற்றில்லாத அடுக்கில் வாழும் வேறொரு கூட்டம் கந்தகத்தை வைத்துப் பிழைக்கிறது. கருஞ்சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதன் வேலை. இவை எல்லாம் ஒரு கணக்கில் இருக்கும்வரை குளம் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும்.

ஆன்டிபயாடிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. நோய்க்கிருமியை அழிக்கப் போடும் மருந்து, அம்மோனியாவைக் குறைக்கும் பாக்டீரியாவையும் அடக்குகிறது. குளத்தில் அம்மோனியா ஏறுகிறது. இறால் சோர்கிறது, சோர்ந்த இறாலை விப்ரியோ பிடிக்கிறது. உடனே இன்னும் கொஞ்சம் மருந்து. இந்தச் சுழலில் சேற்றிலுள்ள வகைகள் குறைந்துகொண்டே போகும். மருந்தைத் தாங்கும் சில வகைகள் மட்டும் பெருகும். பல பயிர் விளைந்த நிலத்தில் ஒரே களை மண்டிவிடுவது போன்றதுதான் இது.

எதிர்ப்புத்திறன் மனிதன் உண்டாக்கியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் யூக்கான் பகுதியில் 30 ஆயிரம் ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலேயே பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைத் தாங்கும் மரபணுக்கள் இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நுண்ணுயிர்கள் தங்களுக்குள் போட்டியிட மருந்தை உருவாக்குகின்றன, அதைத் தாங்கும் வழியையும் உருவாக்கிக்கொள்கின்றன. நமக்குக் கிடைத்த மருந்துகள் பலவும் இப்படி வந்தவையே. ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணிலிருந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. செபலோஸ்போரின் வகை மருந்துகளின் மூலம், 1945இல் இத்தாலியின் சார்டீனியா தீவில், சாக்கடை கலக்கும் கடலோர நீரிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சை. நாளைய மருந்துகளில் சிலவும் கடலடிச் சேற்றில்தான் ஒளிந்திருக்கக்கூடும். அந்தப் புதையல் இருக்கும் இடத்தில்தான் பழைய மருந்துகளைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

கைமாற்று விதை

ஒரு ஊரில் ஒரு நல்ல நெல் ரகம் வந்தால் அது அந்தக் குடும்பத்தோடு நிற்பதில்லை. பக்கத்து வயல்காரர் ஒரு மரக்கால் கேட்டு வாங்கிப் போவார். பாக்டீரியாக்களும் அப்படித்தான். எதிர்ப்புத்திறன் தரும் மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களில் இருக்கின்றன. இந்த வளையத்தை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சேற்றில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் கூட்டத்தில் இந்தக் கைமாற்று எளிதாக நடக்கிறது.

இதனால் கடலில் இருப்பது கடலிலேயே இருந்துவிடும் என்று நினைக்க முடியாது. சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்துகளின் வலுவைக் குறைக்கும் ஒரு மரபணு, மருத்துவமனைக் கிருமி ஒன்றின் பிளாஸ்மிட்டில் இருப்பது 1998இல் தெரியவந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் 2005இல் விடை கண்டார்கள். கடலிலும் நீர்நிலைகளிலும் வாழும் ஷிவனெல்லா என்ற பாக்டீரியாதான் அதன் பிறப்பிடம். நீரில் வாழ்ந்த உயிரின் மரபணு, பல கை மாறி, மருத்துவமனைப் படுக்கை வரை வந்துவிட்டது.

இறால் வளர்ப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் உண்டு. ஆசியாவின் இறால் பண்ணைகளை 2009க்குப் பிறகு உலுக்கிய இளம்பருவ இறப்பு நோய்க்குக் காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். அந்தப் பாக்டீரியா எல்லாமே அந்த நோயைத் தருவதில்லை. நச்சை உண்டாக்கும் மரபணுக்கள் கொண்ட ஒரு பிளாஸ்மிட்டைப் பெற்றவை மட்டுமே தருகின்றன. நச்சும் கைமாறும், மருந்தைத் தாங்கும் திறனும் கைமாறும். இரண்டும் ஒரே கிருமியிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் குளத்துக்காரருக்கே. தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் ஒருவரின் வடிகாலும் அடுத்தவர் தண்ணீர் எடுக்கும் ஓடையும் ஒன்றுதான். மேலே உள்ளவர் போட்ட மருந்தும், அதைத் தாங்கப் பழகிய கிருமியும் கீழே உள்ளவரின் மோட்டார் வழியாக உள்ளே வந்துவிடும். வாழ்நாளில் ஒரு பொட்டலம் மருந்துகூடப் போடாதவர் குளத்திலும் மருந்துக்கு அடங்காத விப்ரியோ இருக்கலாம்.

இரண்டாவது, சேற்றில் இறங்கிப் பிழைப்பவர்கள். பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டு ஓடைகளில் மீனும் நண்டும் பிடிப்பவர்கள், மட்டி பொறுக்கும் பெண்கள். சிப்பி ஓடு கீறாத கை, கால் இவர்களில் யாருக்கும் இல்லை. உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி இத்தகைய காயத்தின் வழியே புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அதற்கு மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று டாக்ஸிசைக்ளின். காலராவுக்குக் கொடுப்பதும் அதுதான். காலராக் கிருமியும் ஒரு விப்ரியோதான். டாக்ஸிசைக்ளினும், குளத்தில் போடும் ஆக்ஸிடெட்ராசைக்ளினும் ஒரே குடும்பத்து மருந்துகள்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. இதற்கெல்லாம் இறால் பண்ணைதான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். மருத்துவமனைக் கழிவும், நகரச் சாக்கடையும், கோழிப்பண்ணையும் இதில் பங்காளிகள். நெல் வயலிலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் அடித்துவந்த ஸ்ட்ரெப்டோசைக்ளினுக்கும் பங்கு உண்டு. அதிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் இரண்டையும் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதிக்கும் வரைவாணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டதற்கு இதுவே காரணம். ஆறு எல்லோருடைய கழிவையும் சுமந்துகொண்டு கடலுக்குத்தான் போகிறது. ஆகவே சேற்றைச் சோதித்தால் இறால்காரர் மட்டும் மாட்டிக்கொள்வார் என்ற அச்சம் வேண்டாம். கழிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுவதும் அந்தச் சோதனைதான்.

“மருந்து போடாமல் என்ன செய்வது?”

இந்தக் கேள்வி நியாயமானது. குத்தகை, குஞ்சு, தீவனம், டீசல், மின்சாரம் என்று கடன் வாங்கி இறக்கிய பணம் கண்ணெதிரே மிதக்கத் தொடங்கும்போது, கடைக்காரர் நீட்டும் பொட்டலத்தை மறுக்க மனம் வராது. ஆனால் அந்தப் பொட்டலம் எதற்கு வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடாது. வளர்ச்சியை முடக்கும் இ.ஹெச்.பி. ஒரு நுண்பூஞ்சை வகை ஒட்டுண்ணி. அதற்கும் இந்த மருந்துகள் பயன்படாது. இத்தொழிலில் பெரிய நஷ்டத்தைத் தரும் இந்த இரண்டு நோய்க்கும் ஆன்டிபயாடிக் போடுவது பணத்தைச் சேற்றில் போடுவதுதான்.

தெரிந்தே போடுவது ஒரு பக்கம். தெரியாமல் போடுவது இன்னொரு பக்கம். குஞ்சுப் பொரிப்பகத்திலேயே மருந்து காட்டியிருக்கலாம். புரோபயாடிக், குடல் டானிக் என்ற பெயரில் விற்கும் பொருளில் கலந்திருக்கலாம். கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையம் 20 ஆன்டிபயாடிக், வேதிப்பொருள்களைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. இடுபொருள்களில் ஆன்டிபயாடிக் இல்லை என்பதற்குச் சான்றும் வழங்குகிறது. அந்தச் சான்று இல்லாத பொட்டலத்தை வாங்காமல் இருப்பது விவசாயியின் கையில் இருக்கிறது. சான்றில்லாத சரக்கைக் கடையிலேயே பிடிப்பது அரசின் கடமை. குளத்தில் மட்டும் சோதனை போட்டுவிட்டுக் கடையை விட்டுவிடுவது நியாயமல்ல.

உண்மையில் ஆன்டிபயாடிக் என்பது காப்பீடு இல்லாதவரின் காப்பீடாக இருக்கிறது. நெல்லுக்கு இருப்பதுபோல எளிதில் கிடைக்கும் காப்பீடு சிறிய இறால் விவசாயிக்கும் இருந்தால் பொட்டலத்தின் மீதுள்ள பிடிமானம் தானாகத் தளரும். எச்சரிக்கைப் பலகைகளைவிட இது நன்றாக வேலை செய்யும்.

நார்வே செய்தது

1987ஆம் ஆண்டில் நார்வேயின் மீன் பண்ணைகள் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தின. அப்போது அங்கே சால்மன் உற்பத்தியும் சுமார் 50 ஆயிரம் டன்தான். இன்று உற்பத்தி ஆண்டுக்கு சுமார் 15 லட்சம் டன். ஆன்டிபயாடிக் பயன்பாடோ அண்மை ஆண்டுகளில் 1 டன்னுக்கும் கீழே. தடுப்பூசி இதற்கு முக்கியக் காரணம். அதோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து இல்லை என்ற விதி, ஒரு தலைமுறை மீனைப் பிடித்த பிறகு அந்த இடத்தைச் சும்மா போட்டு வைப்பது, கூண்டுக் கூட்டங்களுக்கிடையே இடைவெளி விடுவது ஆகியவையும் சேர்ந்தே இதைச் சாதித்தன.

இறாலுக்கு மீன்போலத் தடுப்பூசி போட முடியாது. அதன் உடலில் அந்த வகை நோய் நினைவு இல்லை. ஆனால் நார்வேயின் மற்றப் பாடங்கள் நமக்கும் பொருந்தும். சீட்டு இல்லாமல் மருந்து இல்லை. இடத்துக்கு ஓய்வு உண்டு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து திட்டமிடுவதும் உண்டு. நம் நெல் விவசாயிகள் கோடை உழவு போட்டு நிலத்தை ஆறப்போடுவதும் இதே அறிவுதான்.

செய்ய வேண்டியவை

விவசாயி செய்யக்கூடியது சில. அறுவடை முடிந்ததும் குளத்தை வெடிப்பு விடும்வரை காயவிட வேண்டும். கருஞ்சேற்றைச் சுரண்டி எடுத்தால் அதை வடிகாலிலோ ஓடைக் கரையிலோ கொட்டக் கூடாது. பண்ணைக்குள்ளேயே மழைநீர் அடித்துச் செல்லாத இடத்தில் குவித்து உலர்த்த வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிப்புக் குளத்தில் தேக்கி, வண்டல் படிந்த பிறகே வெளியே விட வேண்டும். நோய் கண்டால் முதலில் ஆய்வகம், பிறகுதான் கடை. கிருமிநாசினிகளிலும் கணக்கு வேண்டும். பி.கே.சி. போன்றவற்றைத் தொடர்ந்து அள்ளிப் போட்டால், அதைத் தாங்கும் பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துத் தாங்கப் பழகும். இரண்டுக்குமான மரபணுக்கள் பல நேரம் ஒரே வளையத்தில் இருப்பதே காரணம்.

உள்நாட்டு விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. கோழி எருவைப் பச்சையாக வயலிலோ மீன் குளத்திலோ கொட்டாதீர்கள். நன்றாக மக்கவைத்துப் போட்டால் அதிலுள்ள மருந்தும் கிருமியும் முழுவதும் ஒழியாவிட்டாலும் பெருமளவு குறையும்.

அடுத்தது அரசும் ஆய்வு நிறுவனங்களும். கடலோர ஊர்களின் தனியார் நீர் ஆய்வகங்களில் குளத்து நீரைத் தட்டில் ஊற்றி, மஞ்சள், பச்சைப் புள்ளிகளாக விப்ரியோவை எண்ணிச் சொல்கிறார்கள். விவசாயிகள் காசு கொடுத்துத்தான் பார்க்கிறார்கள். அதே தட்டை இரண்டாக ஊற்றி, ஒன்றில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கலந்தால் போதும். மருந்தில்லாத தட்டில் 100 புள்ளி வளரும்போது மருந்துள்ள தட்டில் எத்தனை வளர்கிறது என்று தெரிந்துவிடும். நீருக்குப் பதில் சேற்றைக் கரைத்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். குளத்தின் அடி, வடிகால், ஓடை வாய், பண்ணைகள் எட்டாத ஒரு கழிமுகம் என்று நான்கு இடங்களில், ஒவ்வொரு போகத்துக்குப் பிறகும் இதைச் செய்தால் ஐந்தாறு போகங்களில் எந்தப் பகுதி எப்படி மாறுகிறது என்ற படம் கிடைக்கும்.

இது முழுப்படம் அல்ல. கடல் பாக்டீரியாக்களில் 100இல் ஒன்றுகூடத் தட்டில் வளர்வதில்லை. மற்றவற்றை அறியச் சேற்றிலிருந்து நேரடியாக மரபணுவைப் பிரித்துப் படிக்க வேண்டும். அதற்குச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, பழவேற்காட்டிலிருந்து தூத்துக்குடி வரை தேர்ந்த சில இடங்களில் அவர்கள் இதைச் செய்யலாம். மீன், கால்நடைகளில் எதிர்ப்புத்திறனைக் கண்காணிக்கத் தேசிய அளவில் ஆய்வகங்களின் வலையமைப்பு ஏற்கெனவே உண்டு. அதில் சேற்றையும் ஒரு மாதிரியாகச் சேர்த்தால் போதும்.

இதில் இரண்டு நிபந்தனைகள் அவசியம். ஒன்று, முடிவுகள் ஆய்விதழோடு நின்றுவிடாமல், எளிய தமிழில், விரிவாக்கப் பணியாளர் வழியாக, அடுத்த குஞ்சு விடுவதற்கு முன் விவசாயியிடம் வர வேண்டும். இரண்டு, முதல் சில ஆண்டுகளுக்காவது இந்த முடிவுகளை வைத்து யாருடைய பதிவையும் ரத்து செய்யக் கூடாது. தண்டனைக்குப் பயந்தால் யாரும் தன் குளத்துச் சேற்றைக் காட்டமாட்டார்கள்.

நாகைப் பகுதியில் இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பானதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2005இல் சட்டமும் ஆணையமும் வந்தன. உப்பு நாக்கில் கரித்தது, பயிரில் தெரிந்தது, அதனால் கேள்வி எழுந்தது. சேற்றில் நடக்கும் இந்த மாற்றத்துக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. யாராவது எடுத்துப் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். அடுத்த குறைதீர் கூட்டத்தில் குஞ்சு விலையோடும் மின்கட்டணத்தோடும் சேர்த்து இந்தக் கோரிக்கையையும் விவசாயிகளே வைக்க வேண்டும்: எங்கள் ஓடைச் சேற்றைச் சோதியுங்கள், முடிவை எங்களிடம் சொல்லுங்கள்.